மாசமா இருக்கையில் இடுப்பு வலி: பெல்ட்டா, பயிற்சியா, ஒத்தடமா, மாத்திரையா?

மாசமா இருக்கும் பெண் இடுப்பு வலிக்கிறது என்று வாய் திறந்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள். மெடிக்கலில் பெல்ட் எடுத்து நீட்டுவார்கள். மாமியார் நல்லெண்ணெயைச் சூடு பண்ணுவார். பக்கத்து வீட்டு அக்கா ஒரு வலி ஊசி போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்பார். கைபேசியைத் திறந்தால் பட்டாம்பூச்சி ஆசனம் ஓடும். இவற்றில் சில உண்மையிலேயே கைகொடுப்பவை. சில வெறும் காசுக்குக் கேடு. ஒன்றிரண்டு வயிற்றிலிருக்கும் குழந்தைக்கே ஆபத்து. நல்ல வைத்தியம்கூட வேறொரு வலிக்குச் செய்தால் வலியைக் கூட்டிவிடும். அதனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால், வலிப்பது எந்த இடம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

எந்த இடத்து வலி?

கர்ப்ப காலத்தில் பாதிப் பெண்களுக்கு மேல் கீழ்முதுகு வலியோ இடுப்பு வலியோ வருகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இடுப்பு எலும்புப் பூட்டுகளில், அதாவது இடுப்பெலும்புகள் ஒன்றோடொன்று சேரும் இணைப்புகளில், வலி வருகிறது. இரண்டும் ஒன்றல்ல.

கையை இடுப்பில் ஊன்றினால் விரல் படும் மட்டத்திலோ அதற்கு மேலோ, முதுகுத்தண்டின் இரு பக்கமும் பலகை மாதிரி இறுகி வலித்தால் அது கீழ்முதுகு வலி. வெகுநேரம் நின்றால், குனிந்து வேலை செய்தால் கூடும். மாலையில் அதிகமாக இருக்கும்.

பின்பக்கம் இடுப்பில் இரண்டு குழி தெரியும் அல்லவா, அந்தக் குழியிலோ அதற்குக் கீழே பிட்டத்திலோ, பெரும்பாலும் ஒரே பக்கமாகக் குத்தினால் அது பின்பூட்டு வலி. படுக்கையில் புரளும்போதும், பஸ் படியில் ஒரு காலை ஊன்றி ஏறும்போதும் சுருக்கென்று பிடிக்கும்.

அடிவயிறு முடிகிற இடத்தில், முன்பக்க எலும்பின் நடுவே வலித்தால் முன்பூட்டு வலி. நின்றபடி பாவாடைக்குள் காலை விடும்போதும், கால்களை அகட்டும்போதும் வலிக்கும். தொடையின் உள்பக்கமும் இழுக்கும். சிலருக்கு நடக்கையில் 'கடக்' என்று சத்தம்கூடக் கேட்கும். இந்த இணைப்பில் சாதாரணமாகவே 4 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். கர்ப்பத்தில் இன்னும் 2, 3 மில்லிமீட்டர் விரியும். பிரசவத்துக்கு வழிவிட உடம்பு தசைநார்களை இளக்குகிறது. இளகிய பூட்டு இரண்டு பக்கமும் சமமாக அசையாதபோது வலி எடுக்கிறது. குழந்தைக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்காமல் ஒரு காலை ஒரு சாண் உயரம் தூக்குங்கள். பிறகு மற்ற கால். எந்தக் கால் கனக்கிறது என்று கவனியுங்கள். இப்போது இன்னொருவர் உங்கள் இடுப்பை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் உள்நோக்கி அழுத்திப் பிடிக்கட்டும், மறுபடி தூக்குங்கள். கனத்த கால் லேசாகிவிட்டால் பூட்டு தளர்ந்திருக்கிறது, பெல்ட் உங்களுக்கு உதவக்கூடும். எந்த மாற்றமும் இல்லையென்றால் பெல்ட்டுக்குச் செலவழிக்க அவசரம் வேண்டாம். 5 மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுப்பதை ஒரு நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் உடனே இடப்பக்கம் திரும்பிவிடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத வலிகளும் உண்டு. 37 வாரம் ஆகுமுன் விட்டுவிட்டு, முறை வைத்து வரும் இடுப்பு வலி. ரத்தப்போக்கு, நீர் கசிவு. விடாத வலியோடு வயிறு கல் மாதிரி இறுகுவது. குளிர் காய்ச்சலோடு விலாவுக்குக் கீழ் ஒரு பக்கம் வலி, சிறுநீர் எரிச்சல். தொடை நடுவே மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது கட்டுப்படாமல் போவது, கால் வலுவிழப்பது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலிப்பது. குழந்தையின் அசைவு குறைவது. இவற்றில் எது வந்தாலும் எண்ணெயும் வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அஞ்செட்டி, தளி, சித்தேரி பக்கம் மலைக்கிராமங்களில் இருப்பவர்கள் வண்டி வந்து சேரும் நேரத்தையும் கணக்கில் வைத்து, விடியட்டும் என்று காத்திராமல் கூப்பிட வேண்டும்.

பெல்ட்டில் மூன்று வகை, மாற்றிப் போட்டால் மூன்றும் வீண்

கடையில் இடுப்பு வலி என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் கைக்கு வருவது எல்.எஸ். பெல்ட். முதுகுப் பக்கம் பட்டையான கம்பிகள் வைத்து, வயிற்றைச் சுற்றி இறுக்கும் பெல்ட் அது. முதுகெலும்பு வட்டு (டிஸ்க்) விலகல் மாதிரியான முதுகுப் பிரச்சினைக்கானது. மாசமா இருப்பவர்கள் அதைப் போட்டால் வயிறு அழுந்தும், நெஞ்செரிச்சல் கூடும், வலிக்கிற பூட்டையும் அது பிடிக்காது. கடையில் 'மாசமா இருக்கேன், இத்தனை மாசம்' என்று முதலிலேயே சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது, கர்ப்பிணிகளுக்கான அகலமான எலாஸ்டிக் பெல்ட். முன்பக்கம் வயிற்றுக்கு அடியில் தாங்கி, பின்பக்கம் கீழ்முதுகில் அகலமாகப் படியும். வயிறு பெரிதாகி முன்னால் இழுப்பதால் வரும் கீழ்முதுகு வலிக்கு இது நல்லது. 6 மாதத்துக்குப் பிறகுதான் இதன் அருமை தெரியும். பூட்டு வலிக்கு இது அரைப் பலன்தான், எலாஸ்டிக் இழுபட்டுப் போய்விடும்.

மூன்றாவது, 5 முதல் 8 சென்டிமீட்டர் அகலமுள்ள, அதிகம் இழுபடாத குறுகிய இடுப்புப்பூட்டு பெல்ட். பின்பூட்டு, முன்பூட்டு இரண்டுக்கும் இதுதான். எல்லா மெடிக்கலிலும் இருக்காது. பிசியோதெரபி செய்யும் இடத்தில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.

கட்டும் இடம்தான் பலரும் தவறுவது. பெல்ட் தொப்புள் மட்டத்துக்கு ஏறக் கூடாது. முன்னால் இடுப்பின் இரு ஓரத்திலும் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனைக்குக் கீழே, தொடையின் வெளிப்பக்கம் புடைக்கும் எலும்புக்குச் சற்று மேலே அது உட்கார வேண்டும். நின்றுகொண்டு வயிற்றைக் கையால் லேசாகத் தூக்கிப் பிடித்தபடி கட்டுங்கள். இரண்டு விரல் தட்டையாக உள்ளே போகும் அளவு இறுக்கம் போதும். போட்டு நாலு அடி நடந்தால் வலி குறைய வேண்டும். கூடினால் இடம் தவறு, அல்லது உங்களுக்கு அது ஒத்துவராது. வேலை செய்யும் நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் போட்டுக் கழற்றுங்கள். உட்காரும்போதும் தூங்கும்போதும் வேண்டாம். நாள் முழுக்கப் போட்டால் தசை அதையே நம்பிச் சோம்பிப்போகும். சித்திரை வைகாசி வெயிலில் வேர்க்குருவும் புண்ணும் வரும், பருத்தி உள்பாவாடைக்கு மேல்தான் கட்ட வேண்டும்.

வாங்கும் முன் சோதித்துப் பார்க்க வீட்டிலிருக்கும் பழைய பருத்திச் சேலை போதும். நீளவாக்கில் மடித்து நாலு விரல் அகலப் பட்டையாக்கி, மேலே சொன்ன அதே மட்டத்தில் சுற்றி, முடிச்சைப் பக்கவாட்டில் போட்டு அரை மணி நேரம் நடமாடுங்கள். இதில் வலி குறைந்தால் பெல்ட்டிலும் குறையும். பலருக்குச் சேலைக் கட்டே பிரசவம் வரை போதுமானதாக இருந்துவிடும். பட்டுச்சேலையும் சின்தெடிக்கும் வழுக்கும், சரிப்படாது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாவாடை நாடாவை வயிற்றின் நடுவில் இறுக்கிக் கட்டுவதே சிலருக்கு மாலை வலியில் பாதிக்குக் காரணம். வயிற்றுக்கு அடியில் கட்டுங்கள், அல்லது எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி: மெதுவாகப் பலன் தரும், ஆனால் நிலைக்கும்

பெல்ட் போட்ட நிமிடத்தில் தெரியும், கழற்றினால் போய்விடும். பயிற்சியின் பலன் மூன்று நாலு வாரத்தில்தான் தெரியும், ஆனால் பிரசவத்துக்குப் பிறகும் உதவும். இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் எங்கள் தீர்ப்பு பயிற்சி. இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது, வலி தெரியாமல் பயிற்சி செய்யப் பெல்ட் உதவும்.

கீழ்முதுகு வலிக்கு: கையும் முட்டியும் தரையில் ஊன்றி நாலு காலில் நில்லுங்கள். முட்டிக்குக் கீழ் மடித்த போர்வை. மூச்சை விட்டபடி முதுகை மெதுவாக மேலே வளைத்து 5 நொடி நிறுத்தி, பிறகு நேராக்குங்கள். கீழே குழிய விடாதீர்கள், நேர்மட்டம் போதும். 10 முறை, காலை மாலை. வயிற்றுப் பாரம் முதுகிலிருந்து இறங்குவதால் செய்யும்போதே சுகமாக இருக்கும்.

பூட்டு வலிக்கு: நாற்காலியில் நேராக உட்கார்ந்து, முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை வைத்து 5 நொடி அழுத்தி விடுங்கள், 10 முறை. பலம் பாதி போதும். அதே நிலையில் மூச்சை விட்டபடி அடிவயிற்றை முதுகுப் பக்கம் மெல்ல இழுத்து 5 நொடி, 10 முறை. மூச்சை அடக்கக் கூடாது. இதோடு அடியிடுக்குத் தசைப் பயிற்சி. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல மேல்நோக்கி இறுக்கித் தளர்த்த வேண்டும், ஒரு தடவைக்கு 8 முறை, நாளைக்கு மூன்று தடவை. சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள்.

இனி சுகப்பிரசவத்துக்கு என்று சொல்லப்படும் பயிற்சிகள். பட்டாம்பூச்சி ஆசனம், வாத்து நடை, ஆழமாகக் குந்துதல், உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து நகர்ந்து வீடு பெருக்குதல். முன்பூட்டில் வலி இல்லாதவர்கள் மருத்துவர் சொன்னால் அளவாகக் குந்திப் பழகலாம். முன்பூட்டு வலி இருப்பவர்களுக்கு இவையெல்லாம் ஆகாது. கால்களை அகட்டும் ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே இளகிய இணைப்பு இழுபடுகிறது. 'வலிச்சாலும் செய்யி கண்ணு, அப்பத்தான் சுகப்பிரசவம் ஆகும்' என்று பெரியம்மாக்கள் பாசத்தோடுதான் சொல்வார்கள். வலியைத் தாண்டிச் செய்வதால் பிரசவம் சுலபமாகாது, மறுநாள் நடக்க முடியாமல்தான் போகும்.

முழு ஓய்வா, நடையா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. மருத்துவர் வேறு காரணத்துக்காகப் படுக்கச் சொல்லியிருந்தாலொழிய நடைதான். உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கும் வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. பூட்டு வலி இருந்தால் அரை மணியை மூன்று பத்து நிமிடங்களாகப் பிரித்து, சின்னச் சின்ன அடி வைத்து, சமதரையில் நடங்கள். மேடு பள்ளமான ஓடைக்கரையும் மலைப்பாதை இறக்கமும் பூட்டைச் சோதிக்கும்.

பாயா, கட்டிலா, கயிற்றுக் கட்டிலா

கயிற்றுக் கட்டில் முதலில் விலகட்டும். நடுவில் குழிந்து இடுப்பைக் கீழே தொங்க விடுகிறது, முதுகு வலிக்கு அதைவிட மோசமான படுக்கை இல்லை. கட்டிலில் இலவம்பஞ்சோ தேங்காய் நாரோ வைத்த, அழுந்தினால் சற்றே கொடுக்கும் மெத்தைதான் மூன்றிலும் மேல். எழுந்திருக்கவும் சுலபம். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் அதை விட்டாக வேண்டும் என்பதில்லை. பக்கவாட்டில் படுக்கும்போது இடுப்பெலும்பு உறுத்தாமல் இருக்க இரண்டு ஜமுக்காளம் மடித்துப் போட்டால் போதும். பாயில் சங்கடமே எழும் முறையில்தான். மல்லாந்தபடி வயிற்றை மடக்கி எழக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, கை ஊன்றி, நாலு காலுக்கு வந்து, நாற்காலியையோ சுவரையோ பிடித்து எழ வேண்டும்.

28 வாரத்துக்குப் பிறகு எந்தப் படுக்கையானாலும் பக்கவாட்டில்தான் தூங்க வேண்டும். இடமோ வலமோ, எது வசதியோ அது. மல்லாந்து தூங்கினால் வயிற்றுப் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்திக் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். முட்டிகளுக்கு நடுவே தலையணை வைப்பது எல்லோருக்கும் தெரியும். முட்டிக்கு மட்டும் வைத்தால் கணுக்கால் கீழே தொங்கி இடுப்பு திருகும். முட்டியிலிருந்து பாதம் வரை நீளமாகத் தாங்க வேண்டும். பழைய சேலைகளைச் சுருட்டி ஒரு தலையணை உறையில் திணித்தால் கடைத் தலையணைக்கு ஈடாகும். வயிற்றுக்கு அடியில் ஒரு மடித்த துண்டு. புரளும்போது இரண்டு முட்டியையும் ஒட்டி வைத்து, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பட்டும். பின்பூட்டு வலிக்காரர்களுக்கு ராத்திரியைக் காப்பாற்றுவது இந்த ஒரு பழக்கம்தான்.

ஒத்தடமும் எண்ணெயும்

தசை இறுக்கத்துக்குச் சூடு. பூட்டில் புதிதாகச் சுள்ளென்று கிளம்பிய வலிக்குக் குளிர்ச்சி, துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம். சூட்டு வகைகளில் ரப்பர் வெந்நீர்ப் பைக்கே முதலிடம். சூடு சீராக இருக்கும். கொதிக்கும் நீரை ஊற்றாமல், முக்கால் பை நிரப்பி, துண்டில் சுற்றி, 10 முதல் 15 நிமிடம் முதுகில் மட்டும் வையுங்கள். வயிற்றில் வைக்க வேண்டாம். வறுத்த உப்பு முடிச்சு நல்ல சூடு தரும், ஆனால் ஒரு பக்கம் தணலாகவும் இன்னொரு பக்கம் ஆறியும் இருக்கும். முதுகுத்தோல் சுட்டது தெரியாமலே கொப்பளித்துவிடும். உப்புதான் வழக்கம் என்றால் வைப்பவர் முதலில் தன் முழங்கையின் உள்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு வைக்கட்டும். நொச்சி இலை ஒத்தடத்துக்கும் இதே விதி. இடுப்புக்கு வெந்நீர் ஊற்றுவது இதமானதுதான். கை பொறுக்கும் சூட்டில் சொம்பால் ஊற்ற வேண்டும். உடம்பே கொதித்து வியர்க்கும் அளவுக்கு ஊற்றக் கூடாது.

எண்ணெயில் பழைய நல்லெண்ணெயே போதும், வெதுவெதுப்பாக. அதில் மருந்தாகச் செய்வது தடவுகிற கைதான். பக்கவாட்டில் படுக்க வைத்து, தண்டெலும்பை விட்டுவிட்டு இரு பக்கத் தசையிலும் பிட்டத்திலும் உள்ளங்கையால் நீவ வேண்டும். கட்டைவிரலால் குத்தி அழுத்துவது, முதுகில் முட்டி வைத்து நெட்டி முறிப்பது, சுளுக்கு எடுப்பதாகக் காலை இழுத்து உதறுவது எல்லாமே இளகியிருக்கும் பூட்டுக்குக் கெடுதல். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் நீவவே கூடாது, உள்ளே ரத்தம் உறைந்திருக்கக்கூடும். கற்பூரம் கலந்த தைலங்களையும், காரமாக எரியும் வலித்தைலங்களையும் முதுகு முழுக்கத் தேய்ப்பதைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் சாலிசிலேட் என்ற ஆஸ்பிரின் வகை மருந்து தோல் வழியாக உள்ளே போகும்.

மாத்திரை, ஊசி, ஜெல்

இதில் தராசுக்கு வேலையே இல்லை. பாராசிட்டமால் ஒன்றுதான், அதுவும் மருத்துவரையோ நர்சையோ கேட்டுக்கொண்டு. ஒரு நேரத்துக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 6 மணி நேரம், எத்தனை குறைந்த நாள் முடியுமோ அத்தனை நாள். உடல் எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தால், கல்லீரல் பிரச்சினை இருந்தால் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசெக்ளோஃபெனாக் ஆகியவை வலியை வேகமாகக் குறைப்பவை. சாதாரண நாளில் 'ஒரு வலி ஊசி' என்றால் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்தான். 20 வாரத்துக்குப் பிறகு இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். 28 வாரத்தைத் தாண்டினால் குழந்தையின் இதயத்தருகே பிறப்புவரை திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாய் முன்கூட்டியே சுருங்கும் அபாயமும் சேர்கிறது. இந்த மருந்து கலந்த ஜெல்லும் கடைசி மூன்று மாதத்தில் வேண்டாம். மோசமான பொறி எதுவென்றால் கூட்டு மாத்திரை. பாராசிட்டமால் என்று நம்பி வாங்கும் அட்டையின் பின்பக்கம் பாராசிட்டமாலோடு ஐபுபுரூஃபனோ அசெக்ளோஃபெனாக்கோ சேர்ந்திருக்கும். அட்டையைத் திருப்பி எழுத்துக் கூட்டியாவது படித்துவிட்டு விழுங்குங்கள். வேறு நோய்க்காக மருத்துவர் சிறிய அளவு ஆஸ்பிரின் தந்திருந்தால் அது தனிக் கணக்கு, நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குடமும் புளியும் பஸ்ஸும்

எந்த வைத்தியத்தையும் அன்றாட வேலை ஒரே நாளில் அழித்துவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி வாழ்க்கையில் இடுப்பை அதிகம் வருத்துவது இடுப்புக் குடம். 15 லிட்டர் குடம் நிறைந்தால் 15 கிலோவுக்கு மேல், மொத்தமும் ஒரு பக்கப் பூட்டில். அதே தண்ணீரை 5 லிட்டர் வாளிகளில் கைக்கொன்றாக, இரண்டு நடையாகக் கொண்டுவந்தால் பாரம் சமமாகும். வீட்டில் வேறு ஆள் இருந்தால் கர்ப்பிணி தண்ணீர் தூக்கவே வேண்டாம், அதைக் கணவர் செய்யட்டும். மூத்த குழந்தையை இடுப்பில் வைப்பதும் இதே கணக்கு. நீங்கள் உட்கார்ந்துகொண்டு மடியில் ஏற விடுங்கள்.

மாசி பங்குனியில் புளி தட்டிக் கொட்டை எடுக்க உட்காரும் பெண்கள் ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி மணிக்கணக்கில் இருப்பார்கள். இடுப்பு ஒரு பக்கமாகத் திருகியே கிடக்கும். தரை, முக்காலி, நாற்காலி மூன்றையும் ஒப்பிட்டால் முட்டி மட்டத்துக்கு உயர்ந்த ஸ்டூலும் எதிரே அதே உயரத்தில் தட்டுக்கல்லும் வைப்பதே மேல். அரையடி முக்காலி தரையைவிடச் சற்றுத்தான் தேவலை. எதில் உட்கார்ந்தாலும் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடக்க வேண்டும். அரிவாள்மனையை விட்டுவிட்டு, மேடையில் வைத்துக் கத்தியால் நறுக்குங்கள். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி பறிப்பவர்கள் குனிந்தபடியே செடி வரிசையைக் கடக்காமல், ஒரு முட்டியை மண்ணில் ஊன்றிப் பறிக்கலாம். கூடையைப் பாதி நிறைந்ததும் இன்னொருவர் தூக்கட்டும். ஓசூர் கம்பெனிகளில் நின்று வேலை செய்பவர்கள் ஒரு சாண் உயரப் பலகை கேட்டு வாங்கி, ஒரு பாதத்தை மாற்றி மாற்றி அதன்மேல் வைத்தால் முதுகு வளைவு குறையும். முன்பூட்டு வலிக்காரர்கள் அதைச் செய்ய வேண்டாம், இரண்டு காலிலும் சமமாக நில்லுங்கள், உட்காரும் வேலை கேளுங்கள்.

கழிவறையில் குந்துவது முன்பூட்டு வலிக்கு வேதனை. மேற்கத்திய பீங்கான் வைக்க வசதியில்லாவிட்டால், நடுவில் ஓட்டை உள்ள கம்மோடு நாற்காலியை இந்தியக் கழிவறை மேல் போட்டுக்கொள்ளலாம்.

பயணத்தில், பின்பூட்டு வலிக்கு டூவீலரில் பக்கவாட்டில் உட்கார்வது மோசம், இடுப்பு முழுக்கத் திருகிக்கொள்ளும். முன்பூட்டு வலிக்கு இரு பக்கம் கால் போட்டு உட்கார்வது மோசம். பஸ்தான் இரண்டுக்கும் தேவலை, இரண்டு சக்கரங்களுக்கு நடுவிலுள்ள இருக்கையில். கடைசி வரிசை வேகத்தடை ஒவ்வொன்றிலும் தூக்கிப் போடும். ஆட்டோவிலும் காரிலும் ஒரு காலை உள்ளே வைத்து நுழையாதீர்கள். முதலில் பின்பக்கமாக உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள்.

சத்துக் குறைவா?

இடுப்பு வலித்தாலே கால்சியம் இல்லை என்பது பரவலான நம்பிக்கை. பூட்டு இளகுவதற்கும் கால்சியத்துக்கும் நேர் தொடர்பில்லை. கூடுதல் மாத்திரை விழுங்கி வலி போகாது. அரசு தரும் கால்சியம் மாத்திரையும், 100 கிராம் மாவுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ள நம் கேழ்வரகில் கிண்டும் களியும் எலும்புக்காகத் தொடரட்டும். இரும்பு மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்த்து விழுங்காமல் குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். இந்த மண்ணுக்கே உரிய இன்னொரு விஷயம் ஃபுளோரைடு. இரு மாவட்டங்களிலும் பல ஆழ்துளைக் கிணறுகளில் அது அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். பல்லில் பழுப்புக் கறை, கர்ப்பத்துக்கு முன்பிருந்தே முதுகும் கழுத்தும் விறைப்பு என்றால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பிடியுங்கள்.

யாரிடம் போவது

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. வலியைச் சொல்ல ஏற்ற நாள் அது. சிறுநீர்ப் பரிசோதனையும் கேளுங்கள், கிருமித்தொற்று இடுப்பு வலி வேடத்தில் வரும். பிசியோதெரபி தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் பிசியோதெரபி ஒரு பகுதி. நடக்கவே முடியாத நிலையில் இருப்பவர்கள் கிராம சுகாதார செவிலியரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். தனியார் பிசியோவிடம் போனால் தினசரி கரண்ட் வைத்துக்கொள்ளும் பேக்கேஜுக்குச் சம்மதிக்காதீர்கள். பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொள்ள இரண்டு மூன்று அமர்வு போதும்.

முன்பூட்டு வலி 9-ஆம் மாதமும் நீடித்தால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வலி தொடங்கும் இடம் வரை மட்டும் முட்டிகளை விரியுங்கள். இரண்டு முட்டிக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று டேப்பால் அளந்து, தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிரசவ அறையில் வலி தெரியாத ஊசி போட்டிருந்தாலும், அவசரம் இல்லாத நேரத்தில் கால்களை அந்த அளவுக்கு மேல் அகட்டாமலும், இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தூக்கி இறக்கவும், பக்கவாட்டிலோ நாலு காலிலோ இருந்து முக்கவும் நர்ஸ் உதவ அந்த எண் தேவைப்படும். கூட வரும் அம்மாவுக்கோ அத்தைக்கோ அதை மனப்பாடமாகச் சொல்லி வையுங்கள். வலி வந்த நேரத்தில் அட்டையைத் தேட யாருக்கும் கை ஓடாது.